கார்டு போடாத கேமரா

விடிந்தால் பயணம். கட்டிலின் மேல் ஒரு பக்கம் போன், மறுபக்கம் கேமரா. எதை எடுத்துப்போவது என்று மூன்று நாளாக எக்ஸ்ரேக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு போயேன் என்று கணவன் சுலபமாகச் சொல்லிவிட்டான். சிக்கல் அதுவா?

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே மருத்துவமனை ஊழியர் சுற்றுலா, இதே பனிமலை. மலையை மாற்றக்கூட நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஊரை விட்டு நகர முடியாத அக்கா, எனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வா என்று இந்தக் கேமராவை வாங்கிக் கொடுத்தாள். இவளோ எக்ஸ்ரே எடுத்தே பழகியவள். அங்கே பொத்தானை அமுக்கினால் படம் தானாகக் கணினிக்குப் போய்விடும். படங்கள் பதிவாகும் கார்டு வீட்டு மேசை டிராயரில் தூங்க, இரண்டு நாளும் வெறும் கேமராவை வைத்துச் சுட்டுத் தள்ளினாள். கேமரா இருக்கிற தைரியத்தில் போனை விடுதி அறையிலேயே போட்டுவிட்டிருந்தாள். திரையின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ மின்னியது. பேட்டரியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள், கெட்டிக்காரி.

ஊர் திரும்பி விஷயம் தெரிந்தபோது உயிரே போய்விட்டது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அக்காவிடம் சொல்வது? யாரோ எடுத்த அந்த மலையின் படத்தை இணையத்திலிருந்து இறக்கி, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டமும் அடித்துக் கொடுத்துவிட்டாள். அக்கா அதைக் கூடத்துச் சுவரில் மாட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இவள் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள்.

இந்தமுறை அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. சுவர்ப் படத்தில் இருக்கிற அதே இடத்தில், அதே கேமராவில், நீயும் நிற்கிற மாதிரி ஒரு படம். அந்த இடம் மலையில் எங்கே இருக்கிறதென்றே இவளுக்குத் தெரியாது. போனில் எடுத்தால் கேமரா எங்கே என்பாள். கேமராவில் எடுத்தால் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அச்சகத்தில் இருபது வருடம் பிழை திருத்தியவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? குட்டு வெளிப்பட்டால் அக்கா இனி எதற்கும் தன்னை நம்பமாட்டாள்.

சாயங்காலம் கேமராவைத் தூக்கிக்கொண்டு டயாலிசிஸ் அறைக்குப் போனாள். லென்ஸ் கெட்டுவிட்டது, போன்தான் கொண்டுபோகப் போகிறேன் என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை. குழாய் செருகிய கையை அசைக்காமல் அக்கா தலையை மட்டும் திருப்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஒத்திகையெல்லாம் மறந்துபோயிற்று.

"அக்கா, சுவத்துல இருக்கிற படம் நான் எடுத்தது இல்ல. கார்டு போட மறந்துட்டேன்."

இயந்திரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தெரியும்டி. பனி கொட்டுது, விரல் விறைக்குதுன்னு அன்னிக்கு ராத்திரி ரூம்லேருந்து போன்ல புலம்பின. படத்துல மலை முழுக்கப் பூ."

"அப்புறம் ஏன்க்கா மாட்டி வச்ச?"

"கண்ணெதிர்லயே இருந்தா என்னிக்காவது நீ வாயத் திறப்பேன்னு பாத்தேன். ரெண்டு வருஷம் ஆக்குவேன்னு நினைக்கல."

இவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா சும்மா இருந்த கையால் கேமராவை வாங்கித் தலையணை ஓரம் வைத்துக்கொண்டாள்.

"போனையே கொண்டு போ. எடுத்த உடனே அங்கேருந்தே அனுப்பு. ஆடிப்போயிருந்தாலும் பரவாயில்ல, நீ எடுத்ததா இருக்கட்டும்."

அக்கா வீட்டுக்குப் போய் அந்தச் சட்டத்தைக் கழற்றிவிடட்டுமா என்று இவள் கேட்டாள்.

"தொங்கட்டும். உன் படம் வந்தப்புறம் நானே கழட்டிக்கிறேன்."

படியிறங்குவதற்குள் இவள் போனில் படம் பதிய இடம் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டாள்.