ஏக்கருக்குப் பன்னிரண்டு மூட்டை

அக்கா போனை எடுத்ததும் "பதினேழு" என்றாள். மக்காச்சோளத்தின் ஈரம், சதவீதத்தில். பதினாலுக்கு இறங்கினால்தான் கொள்முதல் நிலையத்தில் எடை போடுவார்கள். அக்காவுக்குக் கருவி தேவையில்லை, ஒரு மணியை எடுத்துக் கடைவாயில் கடித்தே சொல்லிவிடுவாள். கருவி பிறகு வந்து அதையே சொல்லும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தார்ப்பாயில் சோளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, மணிகள் புரளும் சத்தம் மழை தொடங்குவதுபோல் கேட்டது.

"இன்னும் நாலு நாள் நல்ல வெயில் வேணும். உங்க ஆபீஸ்ல சொல்லி ஏற்பாடு பண்ணுடி, சும்மாதானே உக்காந்திருக்கே."

நான் கூப்பிட்டது வேறு விஷயம் சொல்ல. அவள் மூட்டை கொண்டுபோகும் நிலையம் இந்தப் பருவம் திறக்காமலே போகலாம் என்பதைச் சொல்ல. மாமா சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் எனக்கு உலகத்தின் மேல் கோபம் கொஞ்சம் அதிகம். மற்றவர்களுக்குக் கேட்காமலே கிடைப்பதையெல்லாம் சண்டை போட்டு வாங்கியவர்களுக்கு வருகிற கோபம் அது, வேலை கிடைத்த பிறகும் அடங்குவதில்லை. வணிகத் துறையின் நான்காம் மாடியில், ஜன்னலை அலமாரி மறைத்த ஓர் அறையில் எனக்கு மேசை. எங்கள் அரசாங்கம் விவசாயிகளுக்கு எவ்வளவு உதவி செய்கிறது என்று உலக வர்த்தக அமைப்புக்கு அட்டவணை போட்டு அனுப்புவது எங்கள் பிரிவின் வேலை. அட்டவணைகள் ஆற அமர, சில ஆண்டுகள் கழித்துத்தான் போய்ச் சேரும். போனபிறகு மற்ற நாடுகள் கேள்வி கேட்கும்.

இந்த முறை வந்த கேள்வி ஆறு ஆண்டுக்கு முந்தைய பருவத்தைப் பற்றியது. கேட்டது ஒரு பணக்கார நாடு. நீங்கள் மக்காச்சோளத்துக்குக் கொடுத்த ஆதரவு விலை உங்களுக்கு அனுமதித்த வரம்பைத் தாண்டிவிட்டதே, விளக்கம் தாருங்கள், வெள்ளிக்கிழமைக்குள். இதைப் பார்த்ததும் நிதித் துறை பயந்துவிட்டது. வழக்கு கிழக்கு என்று வருவதற்குள் ஆறு கொள்முதல் நிலையங்களை இந்தப் பருவம் நிறுத்தி வைப்போம் என்று குறிப்பு அனுப்பியது. பட்டியலில் நான்காவது அக்காவின் நிலையம்.

கணக்குப் போடும் விதத்தைக் கேட்டால் எவருக்கும் பற்றிக்கொண்டு வரும். இன்று அரசாங்கம் கொடுக்கும் விலையை, நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் உலகச் சந்தையில் இருந்த விலையோடு ஒப்பிட வேண்டும். அந்த வித்தியாசத்தைத் தகுதியான மூட்டைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது முழுவதும் நாங்கள் கொட்டிக் கொடுத்த மானியமாம். அந்தப் பணக்கார நாடோ தன் விவசாயிகளின் வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் போடுகிறது. அதற்குப் பச்சைப் பெட்டி என்று பெயர். பச்சைப் பெட்டிக்குள் போனதற்கு வரம்பே கிடையாது. ஒருமுறை அக்காவிடம் இதை விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பச்சை பெயின்ட் அவங்க ஊர்ல மட்டும்தான் விக்குதா?" என்றாள். பழைய விலைக் கதைக்கு, "அந்தக் காலத்து விலைக்கு இன்னிக்கு அவங்களுக்கு எவனாவது டீ ஊத்துவானா, கேட்டுச் சொல்லு" என்றாள். நான்கு வருடம் படித்து நான் எழுதிய ஆய்வேட்டில் இவ்வளவு தெளிவு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை இயக்குநர் மேடம் எங்களைக் கூப்பிட்டார். எங்களை என்றால் என்னையும் என் மேலதிகாரியையும். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் அடிக்குறிப்பு. எந்த எண்ணின் தலையிலும் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டு, பக்கத்தின் அடியில் விளக்கம் எழுதாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

மேடம் பழைய அட்டவணையை மேசையில் திருப்பி வைத்தார். "'ஆதரவு விலைக்குத் தகுதியான அளவு'ங்கற இடத்துல நாட்டோட மொத்த விளைச்சலையும் போட்டிருக்கு. நாம வாங்கினது அதுல பாதிகூட இல்ல. யார் போட்டது?"

நான் அப்போது கல்லூரி முதலாண்டு மாணவி. ஆனாலும் இந்த மாதிரிக் கேள்வி கடைசியில் யார் தலையில் இறங்கும் என்பது எனக்குத் தெரியும். புதிதாக வந்தவள் சரிபார்த்திருக்க வேண்டாமா என்று முடியும். சண்டைக்குத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டேன்.

"நான்தாம்மா போட்டேன்" என்றார் அடிக்குறிப்பு. "அந்த வருஷம் விளைச்சல் நல்லா இருந்துச்சு. பெரிய நம்பர். உலகத்துக்கே தெரியட்டும்னு ஒரு பெருமைல முழுசா போட்டுட்டேன். நட்சத்திரமும் போடல."

இழுத்த மூச்சை எங்கே விடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தப்பிக்க ஒரு வழி உண்டு. பருவம் தொடங்குமுன்பே அரசாங்கம் "இவ்வளவுதான் வாங்குவோம்" என்று உச்ச அளவை அறிவித்திருந்தால், அதுமட்டும்தான் தகுதியான அளவு. அதற்கு மேல் விளைந்தது கணக்கில் வராது. கொள்முதல் துறையிடம் கேட்டாகிவிட்டது. அப்படி ஆணை எதுவும் போட்டதாக நினைவில்லை, கிட்டங்கியில் இருந்த இடத்தைப் பொறுத்து அந்தந்த நிலையம் வாங்கியிருக்கும் என்று பதில். அந்த வருடக் கோப்புகள் கட்டிடம் மாறியபோது மூட்டை மூட்டையாகப் பதிவறைக்குப் போய்விட்டன. ஆணையின் எண் தெரிந்தால் எடுத்துத் தருவார்கள். எண் தெரியாமல் அங்கே தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவது.

"இருந்துச்சு, மேடம்" என்றேன். "ஏக்கருக்குப் பன்னண்டு மூட்டை."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்க அக்காவுக்கு ஏக்கருக்கு இருபத்தஞ்சு மூட்டை விளைஞ்சது. பன்னண்டுதான் எடுத்தாங்க. மிச்சத்தை வியாபாரி வந்து அடிமாட்டு விலைக்கு அள்ளிட்டுப் போனான். நான் மனு போட்டேன்."

சாதாரண மனு இல்லை அது. பத்தொன்பது வயதில், விடுதிக் கட்டிலில் குப்புறப் படுத்து, நாலு பக்கம் எழுதினேன். பன்னிரண்டு என்று வரம்பு வைத்தது எந்த அறிவாளி என்று தொடங்கி, நீங்களெல்லாம் சாப்பிடுகிறீர்களா இல்லை காகிதம் தின்கிறீர்களா என்று முடித்தேன். கீழே அக்காவிடம் கையெழுத்து வாங்கினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு, "என் பேர்ல நீ திட்டுறே, அடி எனக்கா?" என்று கேட்டுக்கொண்டே போட்டாள். பதில் வந்ததாகவும் ஞாபகம். வரம்பு மாறாது என்று ஒரு வரி பார்த்ததும் அதைக் கசக்கி எறிந்தேன்.

நான் எறிந்ததை அக்கா எறிந்திருக்க மாட்டாள். விதைப் பைகளின் ரசீது, நிலையத்து டோக்கன், காலாவதியான காப்பீட்டுத் தாள், எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். "அரசாங்கத் தாளு, அதைப் போய் தூக்கிப் போடுவாங்களா" என்பாள். அந்தப் பெட்டியை வைத்து அவளை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் என்பது தாழ்வாரத்துக்கு வந்து போனை எடுத்தபோது ஞாபகம் வந்தது.

"அந்த மனுவுக்கு வந்த பதிலா? இரு." பெட்டி திறக்கும் சத்தம். "கசக்கி வச்சிருந்தே, நான்தான் தலகாணிக்கு அடில வச்சு நிமித்தினேன். கிடைச்சிருச்சு. படிக்கவா? பன்னிரண்டு மூட்டை என்ற உச்ச அளவு இந்த எண் கொண்ட ஆணையின்படி, விதைப்புக்கு முன்பே, இந்தத் தேதியில் அறிவிக்கப்பட்டது..." எண்ணையும் தேதியையும் இரண்டு முறை நிறுத்திச் சொன்னாள். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். "கடைசில ஒரு வரி இருக்கு, அதை நீ படிச்சியா?"

"இல்ல."

"தங்கள் இறுதிக் கேள்விக்கு: சாப்பிடுகிறோம்."

அலுவலகத் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. எங்கோ ஒரு வட்டார அலுவலகத்தில் ஓர் உதவியாளர், வாயாடிப் பெண் ஒருத்தி எழுதிய நாலு பக்க வசவை முழுக்கப் படித்திருக்கிறார். இரண்டு வரியில் ஒதுக்கியிருக்கலாம், குப்பையில் போட்டிருக்கலாம். உட்கார்ந்து ஆணையைத் தேடி எடுத்து, எண் எழுதி, தேதி எழுதி, விதைப்புக்கு முன்பே என்று இரண்டு சொல் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார். அந்த இரண்டு சொல்லில்தான் இப்போது ஆறு நிலையங்கள் நின்றன.

எண் கிடைத்த அரைமணி நேரத்தில் பதிவறை ஆணையை எடுத்துவிட்டது. அடிக்குறிப்பு சார் அதைப் பிரித்து, முதலில் தேதியின் மேல் விரலை வைத்தார். ஏக்கருக்குப் பன்னிரண்டு மூட்டைக்கு மட்டும் கணக்குப் போட்டால் வரம்புக்குள் சௌகரியமாக அடங்கியது. அந்த ஆணைக்கு முடிவுத் தேதி போடவில்லை, இப்போதும் அது நடப்பில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் நிதித் துறையும் குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அக்கா படமெடுத்து அனுப்பிய அந்தக் கடிதத்தை மேடம் என் போனில் கடைசி வரி வரைக்கும் படித்தார். "ஆணை மட்டும் இணைப்புல போகட்டும். இதை அவங்களுக்கு மொழிபெயர்க்க முடியாது" என்றார்.

பதிலோடு, விதிகளை எப்படித் திருத்த வேண்டும் என்று எங்கள் தரப்பில் ஒரு பத்தி சேர்க்கலாம் என்றும், அதை நீயே எழுது என்றும் சொன்னார். எழுதினேன். பழைய விலையை மாற்ற வேண்டும், பச்சைப் பெட்டிக்கும் ஒரு மூடி வேண்டும். அடிக்குறிப்பு சார் அதில் மூன்று அடைமொழிகளை வெட்டினார். பிறகு "மூடி" என்ற சொல்லின் தலையில் நட்சத்திரம் போட்டு, கீழே ஆறு வரியில், எந்தக் கூட்டத்தில் எந்த நாடுகள் இதையே கேட்டன என்று சின்ன எழுத்தில் எழுதினார். என் பத்தியைவிட அந்த ஆறு வரி கனமாக இருந்தது. நன்றி சொல்ல எனக்கு வராது. மறுநாள் அவருக்கும் சேர்த்து டீ வாங்கிப் போனேன். "என்னம்மா, ராஜினாமாவா?" என்றார்.

அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். பன்னிரண்டு மூட்டை வரம்பை நான்தான் உலகத்தின் முன்னால் அழுத்திச் சொல்லியிருக்கிறேன், இனி அதை உயர்த்துவது எளிதில்லை என்று.

"அதைத் தூக்கச் சொல்லித்தானே அன்னிக்கு அந்தக் குதி குதிச்சே."

"ஆமா."

அக்கா சோளத்தைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. "பன்னண்டாவது நிக்குதே. நிலையம் திறந்திருந்தாதான் வியாபாரி மிச்சத்துக்கும் ஒரு மரியாதையான விலை சொல்றான். மூடியிருந்த வருஷம் என்ன சொன்னான், மறந்துட்டியா? அந்த வருஷம்தான் உன்னை விடுதிலேர்ந்து கூட்டிட்டு வந்துடலாம்னு மாமா சொன்னாரு."

எனக்கு இது தெரியாது. அக்கா என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. நான் விடுதியிலேயேதான் இருந்தேன்.

"லெட்டரைத் தபால்ல அனுப்பினேன், வந்துச்சா? வேலை முடிஞ்சா திருப்பி அனுப்பு. அரசாங்கத் தாளு."

வெள்ளிக்கிழமை மதியம் பதில் போய்விட்டது. கூட்டம் அடுத்த மாதம். அங்கே என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. நான் அந்த வட்டார அலுவலகத்துக்குப் போன் போட்டேன். கையெழுத்து புரியவில்லை, உதவியாளர் என்று மட்டும் இருந்தது. தேதியைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு பெண், "அவங்க மாத்தலாகி மூணு இடம் போயிட்டாங்க, விசாரிச்சு சொல்றேன். ஏதாவது புகாரா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க."

"அப்போ என்னன்னு சொல்லட்டும்?"

யோசித்தேன். "சாப்பிட்டாங்களான்னு ஒருத்தி கேட்டான்னு சொல்லுங்க."

கடிதத்தை மடித்தேன். மடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, தாள் தானாகவே பழைய மடிப்புக்குப் போனது. குறுக்கே நான் கசக்கிய சுருக்கங்கள் அப்படியே இருந்தன. உறையை ஒட்டும்போது போன் அதிர்ந்தது. அக்கா படம் அனுப்பியிருந்தாள், எழுத்து எதுவும் இல்லாமல். கொள்முதல் நிலையத்தின் எடை மேடையில் முதல் மூட்டை. ஓரத்தில், வாசலுக்கு வெளியே, நீலத் தார்ப்பாயை மூடிய மிச்சக் குவியல். அதன் மேல் மாமா காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். படத்தை விரலால் பெரிதாக்கி எடை எவ்வளவு என்று பார்த்தேன். மூட்டையை அப்போதுதான் மேடையில் வைத்திருக்கிறார்கள். எடைக் கருவியின் சிவப்பு எண்கள் இன்னும் நிற்கவில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு எண்கள் எரிந்துகொண்டிருந்தன.