இரும்பும் அணைக்கும்

உலோக அணுக்களையும் கரிமச் சேர்மங்களையும் வலைபோல் கோத்துச் செய்த வெள்ளைத் தூள் அது. புற ஊதா விளக்கின் அடியில் பச்சையாக ஒளிரும். தண்ணீரில் குரோமியம் என்ற நச்சு இருந்தால் ஒளி பட்டென்று அணைந்துவிடும். அதைச் செய்தவள் தங்கை. ஆய்வுக்கூடத்தில் அதற்கு 'மின்மினி மாவு' என்று செல்லப் பெயர்.

அக்காவுக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. காரணம் தெரியவில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மாமியார் கைவிரிக்கவில்லை. "மாடிப்படி ஏறாதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

பொறுக்கமாட்டாமல் தங்கை அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துப்போய்த் தூளைப் போட்டாள். பச்சை அணைந்தது.

"தண்ணிதான்க்கா! உன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்று போனில் கத்தினாள்.

அன்றோடு மாமியார் வாயடைத்துப் போனார். அக்காவின் கணவர், கீழே குடியிருந்த வாடகை வீட்டுக்காரரின் சட்டையைப் பிடிக்காத குறை. மற்றக் குடித்தனக்காரர்களும் காலி செய்யக் கிளம்பினார்கள். அக்கா எழுந்து தலைசீவிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள், கூட வேலை செய்பவன் போகிற போக்கில் கேட்டான்: "இரும்பு போட்டுப் பார்த்தியா?"

பார்த்திருக்கவில்லை. போட்டாள். இரும்புக்கும் பச்சை அணைந்தது. வேறு கருவியில் அந்தத் தண்ணீரைச் சோதித்தாள். குரோமியம் மருந்துக்குக்கூட இல்லை. பழைய குழாயின் துருதான். சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தாள். வீட்டுக்காரர் முகம் கண்முன் வந்து நின்றது.

அக்கா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தாள்.

"அப்போ நான் படி ஏறினதுதானா?"

"இல்லக்கா. யாருக்கும் தெரியலைன்னு டாக்டரே சொன்னாரே."

"தெரியாதுன்னு ஒண்ணை வச்சுக்கிட்டு நான் எப்படிடி தூங்குறது?"

அக்கா கையிலிருந்த பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள்.

"அத்தை, தண்ணியில ஒண்ணும் இல்லையாம். நான் படி ஏறினதுதான் காரணம்னு டாக்டரும் சொல்லல. இனி எங்கிட்ட யாரும் காரணம் பேசாதீங்க."

மாமியார் எதையோ சொல்ல வாயெடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசல்வரை வந்த அக்கா தங்கையின் கையை ஒருமுறை அழுத்தினாள். "கொஞ்ச நாள் இங்க வராதே. கோவம் இல்ல. உன்னைப் பார்த்தா அந்த போன்தான் ஞாபகம் வருது."

தலையாட்டிவிட்டு, தண்ணீரில் நச்சு இல்லை என்று வீட்டுக்காரரிடம் சொல்லத் தங்கை கீழே இறங்கினாள். அவர் கதவைத் திறந்ததுமே குதிக்க ஆரம்பித்தார். அவர் ஓயும்வரை நின்று கேட்டாள்.