கழிவு வாளிக்குப் போவது

பிரேசர் டவுனில் எரிக் அண்ணனின் கறிக்கடைப் பின்கட்டில் பதினெட்டு வருஷமாகக் குடல் கழுவுகிறேன். அதனால் டாக்டர் சிந்து படம் போட்டுக் காட்டியதும் எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கதிர்வீச்சுக் கரன்ட் வைத்த பிறகும் கர்ப்பப்பையில் புற்று திரும்ப வந்துவிட்டது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல், மூன்றையும் மொத்தமாக எடுக்க வேண்டும். ஆட்டில் இந்த மூன்றும் என் கையால் கழிவு வாளிக்குப் போகிறவை. மூத்திரத்துக்கும் மலத்துக்கும் வயிற்றில் இரண்டு பை தொங்கும். எடுத்தால் பிழைக்க வழி உண்டு, விட்டால் சாவுதான். வீட்டு ஆளும் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

முதல் தாளை என் புருஷன் சின்னப்பா கிழித்துப் போட்டான். இரண்டாவதை நீட்டியபோது பல்லில் ரத்தம் வர அறைந்தான். மூன்றாவதை நீட்ட அவனைக் கடைக்கே வரவழைத்தேன். மறுநாள் அட்மிஷன்.

"எல்லாத்தையும் தோண்டிட்டு வெறும் கூடா வந்து நிப்பியா?" என்று கத்திக்கொண்டே என் அடிவயிற்றில் உதைத்தான். புற்று இருக்கிற அதே இடத்தில். கண் இருட்டிக் கீழே விழுந்தேன். எரிக் அண்ணன் ஓடி வந்தார்.

"நீங்க வராதீங்கண்ணா," என்றேன். என் கையில் கத்தி இருந்தது.

குத்தத்தான் எழுந்தேன், பொய் சொல்ல மாட்டேன். குத்திவிட்டால் கையெழுத்து யார் போடுவது? கொக்கியில் தோலுரித்த பெட்டை ஆடு தொங்கியது. அதன் வயிற்றைக் கிழித்து, கையை விட்டு இழுத்து அறுத்தேன்.

"இந்தா, மூத்திரப்பை!" அவன் சட்டையில் பட்டு உடைந்தது. "இந்தா, கர்ப்பப்பை!" முகத்தில் விழுந்தது. "இந்தா, மலக்குடல்!" இரண்டு கையாலும் தடுத்தபடி சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"இதெல்லாம் போனா உங்கிட்ட இன்னாடி மீதி?" என்றான். குரல் உடைந்துவிட்டது.

ஆட்டுத் தொடையில் ஓங்கி அறைந்தேன். "வாசல்ல ஜனங்க எதுக்குய்யா நிக்குது? நான் வாளியில போடுறதுக்கா? ஆடு செத்துப்போச்சு. நான் எந்திரிச்சு வருவேன்."

வருவேனா என்று எனக்கே தெரியாது. அவனைவிட நான்தான் அதிகம் பயந்திருந்தேன்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். அழுது முடித்து, தாளுக்குக் கையை நீட்டினான். கை முழுக்க ரத்தமும் நாற்றமும்.

"போய் நல்லா கழுவிட்டு வா," என்றேன். "கழுவக் கத்துக்கோ. இனிமே என் பையை நீதான் மாத்தணும்."