பதினேழாம் எண்ணின் மேல் நின்ற கார்

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வேனை மலை ஏற்றிக் கொண்டுவந்தேன். என் இடத்தில் ஒரு கார் நின்றது. நீல நிறம், வடக்கு மாவட்டத்து எண், பின் கண்ணாடிக்குள் ஒரு வைக்கோல் தொப்பி.

தெற்கு பிரான்சின் மலைக்கிராமம் எங்கள் புய்மோரெல்; அதன் சதுக்கத்தில் சனிக்கிழமைச் சந்தைக்கு நாற்பது கடைகளுக்கு இடம். தரைக்கல்லில் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டிருக்கும். என்னுடையது பதினேழு, பெரிய மரத்தடி, பதினொரு மணி வரை நிழல். முலாம்பழத்துக்கு நிழல்தான் உயிர். அந்த எண்ணுக்காகப் பதினொரு வருடம் காத்திருப்போர் வரிசையில் நின்றேன். முப்பது வருடம் அடுத்தவன் தோட்டத்தில் பழம் பறித்து முதுகு போன பிறகு, இப்போதுதான் ஆற்றோரம் ஒரு துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகப் போட்டிருக்கிறேன். இதுதான் என் முதல் கோடை. முதல் கோடையில் ஒரு சனிக்கிழமை தவறினாலும் இடம் போய்விடும், மறுபடி வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். மாதா கோயில் மணி எட்டு அடித்து முடிவதற்குள் விரிப்பு விரித்து, சரக்கு வைத்து, விற்பவன் பின்னால் நிற்க வேண்டும். விதி அவ்வளவுதான்.

பக்கத்து இடத்து ஃபாபியென் ஆலிவ் வாளிகளை இறக்கிக்கொண்டே சிரித்தாள். "என்ன ஒனோரே, உனக்கு முன்னாடியே உன் கடைக்கு ஒருத்தன் குடிவந்துட்டான் போல!"

"யாரோடது?"

"வடக்கே லீல் நகரத்துலேர்ந்து லீவுக்கு வந்த புருஷன் பொண்டாட்டி. நேத்து சாயங்காலம் வந்தாங்க. நிறுத்தக் கூடாதுன்னு பலகை இவ்ளோ பெருசா இருக்கு, அவங்க கண்ணு மலையில மறையற சூரியன் மேல. அவங்க தங்கியிருக்கிற வீட்டுக் கதவ நான் போய்த் தட்டிப் பாத்துட்டேன். அது உதிக்கிறதையும் பாக்கணுமாம், விடியக்காலையிலேயே நடந்து போயிட்டாங்களாம்."

"இழுத்துட்டுப் போற வண்டி?"

"கீழேர்ந்து வரணும். ஒம்பதுக்கு முன்னாடி வராது."

காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள் துஸேன், சோப்பு விற்பவன். மடக்கு மேஜையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெதுவாக என் பக்கம் வந்தான். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவன் களை.

"பாவம்பா நீ. பதினோரு வருஷம்! கேக்கவே மனசு கஷ்டமா இருக்கு."

"கஷ்டப்படுற மனசுக்கு மேஜை எதுக்கு துஸேன்?"

"ஒரு பேச்சுக்குத்தான்..."

"போய் வரிசையில நில்லு. எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

காரைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். நாலு பக்கமும் கடைகள் முளைத்துவிட்டன. முன்னால் பாலாடைக்கட்டி வண்டி, பின்னால் கோழி வறுப்பவரின் அடுப்பு. இனி அந்தக் காரைச் சாவி இருந்தாலும் வெளியே எடுக்க முடியாது. அது நல்லதாகவே பட்டது. நகராத ஒன்றின் மேல் எதையும் வைக்கலாம்.

வேனிலிருந்து தடிமனான கம்பளி இரண்டை எடுத்தேன். ஒன்றைக் காரின் மூக்கின் மேல் போட்டேன், ஒன்றை மேற்கூரையில். அதற்கு மேல் என் பச்சை விரிப்பு. பழங்களை ஒவ்வொன்றாக, காம்பு மேலே பார்க்க, அடுக்கினேன். மூக்கு சரிவாக இருந்ததால் பழங்கள் எல்லாம் வாங்குபவர் முகத்தைப் பார்த்தன. என் மேஜையில் ஒருநாளும் அப்படி அமைந்ததில்லை. கண்ணாடி துடைப்பானில் என் கையால் எழுதிய பலகையைச் செருகினேன்: ஒனோரே, முலாம்பழம்.

மணி அடிக்கத் தொடங்கியது. சந்தைப் பொறுப்பாளர் முசியே எஸ்தேவ் புத்தகத்தோடு வந்தார், பின்னாலேயே துஸேன்.

"இது கடையா முசியே? நீங்களே சொல்லுங்க. கார்!" என்றான் துஸேன்.

எஸ்தேவ் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். நீலத்தைப் பார்த்தார். எட்டாவது மணி அடித்து ஓய்ந்தது.

"விரிப்பு இருக்கு. சரக்கு இருக்கு. ஆள் நிக்கிறான். கீழ மேஜை இருக்கணும்னு என் புஸ்தகத்துல எங்கயும் இல்ல," என்றார். "ஆனா ஒனோரே, காருக்குச் சொந்தக்காரன் வந்து எடுக்கச் சொன்னா நீ எடுத்துதான் ஆகணும். பன்னெண்டரைக்கு முன்னாடி கடை கலைஞ்சா இடம் போச்சு. அது மட்டும் இருக்கு."

"சொல்ல மாட்டாரு."

"அவர உனக்குத் தெரியுமா?"

"இல்ல. என் பழத்தத் தெரியும்."

ஒன்பதுக்கு அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அவர் கையில் நீளமான ரொட்டி, அவளுடைய காலணியில் பனி ஈரம். அவர் சதுக்கத்தை இரண்டு முறை சுற்றினார். மூன்றாம் முறை என் கடைக்கு எதிரே நின்று, துடைப்பானைப் பார்த்தார்.

"இது... இது என் வண்டியா?"

"ஆமா முசியே. நல்ல வண்டி. சரியான உயரம்."

ஃபாபியென் குனிந்து வாளிக்குள் சிரித்தாள். அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"எடுங்க எல்லாத்தையும்! பத்து மணிக்குள்ள கிளம்பணும் நாங்க. இன்னிக்கு மூணு மலைக் கிராமம், ஒரு சந்தை, எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்!"

துஸேன் மேஜையை விரிக்கவே தொடங்கிவிட்டான்.

நான் கெஞ்சவில்லை. கத்தியை எடுத்து ஒரு பழத்தைப் பிளந்து, ஒரு கீற்றை அந்த அம்மாவிடம் நீட்டினேன். சாறு அவள் மணிக்கட்டு வரை ஓடியது. அவள் இன்னொரு கையையும் நீட்டினாள்.

"முசியே, பழத்த எடுத்துடலாம். கோழி அடுப்ப யாரு எடுப்பா? சந்தை கலையற வரைக்கும் வண்டி நகராது. சந்தையும் இங்கயே இருக்கு. கிராமம்தான் வேணும்னா, அதோ, அந்த வளைவுக்குக் கீழ ஒரு படி இறங்குது பாருங்க. திராட்சைத் தோட்டத்து வரப்பப் பிடிச்சுப் போனா முக்கால் மணி நேரத்துல லா காப்பெல் கிராமம். கார் ரோடு அங்க கிடையாது. ஊத்துத் தண்ணி குடிச்சுட்டு, மேல் பாதையில திரும்பி வாங்க. மூணு கிராமமும் கீழ ஒரே பார்வையில தெரியும்."

"பெர்த்ரான்," என்றாள் அவள், கையைத் துடைத்துக்கொண்டே. "சாவிய உள்ள வை."

"சில்வி, நம்ம பட்டியல்..."

"அது முலாம்பழத்துக்கு அடியில இருக்கு. வா நடப்போம்."

அவர் என்னை முறைத்தார். பிறகு, "கீறல் விழுந்தா..." என்றார்.

"விழாது. திரும்பி வந்து சாப்பிட ஒரு பழம் எடுத்து வைக்கிறேன். ஒரு மணிக்குத்தானே?"

முலாம்பழம் விற்கும் நாங்கள் அப்படித்தான் கேட்போம்: மத்தியானத்துக்கா, ராத்திரிக்கா, நாளைக்கா என்று. கையில் தூக்கி, காம்பைச் சுற்றி விரிசலைப் பார்த்து, முகர்ந்து, அந்த நேரத்துக்குப் பழுக்கும் பழத்தைக் கொடுப்போம். ஒரு மணிக்கு ஒன்றை எடுத்து முன்சக்கரத்தின் பக்கம் நிழலில் வைத்தேன்.

அன்று காரைப் படம் எடுக்க வந்தவர்கள் எல்லாம் பழம் வாங்கினார்கள். பதினொன்றரைக்கே பழங்களுக்கு அடியில் பச்சை விரிப்பு தெரிய ஆரம்பித்தது. பன்னிரண்டரை வரை கடை கலையக்கூடாதே என்று கடைசி ஆறு பழத்தை விற்க மறுத்து நின்றேன். முதுகு வலித்தது, உட்காரவில்லை. துஸேன் மீன் கடைக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் சோப்பு விற்றான். அங்கே சோப்பு நன்றாகவே போனது.

பன்னிரண்டரைக்கு எஸ்தேவ் வந்து என் பெயருக்கு நேரே வருகைக் குறி போட்டுவிட்டுப் போனார்.

ஒரு மணிக்குச் சற்று முன் அவர்கள் வந்தார்கள். முழங்கால் வரை செம்மண் தூசி. பெர்த்ரானின் சட்டைப் பையில் யாரோ ஒருவர் மரத்து அத்திப்பழம். காரைச் சுற்றிக் குனிந்து பார்த்தார், விரலால் தடவினார், விரலை முகர்ந்தார். கீறல் இல்லை, வாசனை மட்டும் இருந்தது.

நான் பழத்தைப் பிளந்தேன். சரியாகத்தான் இருந்தது. மூன்று பேரும் நின்றபடியே தின்றோம்.

"அடுத்த வாரமும் இங்கதான் இருப்போம். வண்டிய எங்க நிறுத்தட்டும்?" என்று கேட்டார் பெர்த்ரான்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழ, பாலத்துக்குப் பக்கத்துல."

"உங்களுக்கு மேஜை வேணாமா?"

"என்கிட்ட இருக்கு முசியே."

அவர் காரை எடுத்ததும், கீழே கல்லில் வெள்ளையாகப் பதினேழு தெரிந்தது. அதன் மேல் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, காலிப் பெட்டிகளை ஏற்றினேன்.