ஒன்பது இருபது காட்டிய ஆந்தை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை மணிக்கு டிவியில் ஒரு கொலை நடக்க இருந்தது. அது தன் தம்பி வீட்டுப் படுக்கையறையில் நடக்கப் போகிறது என்பதில் நாத்தனாருக்கு எவ்வளவு பெருமை என்றால், ஐந்து மணிக்கே வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். மாடிவீட்டு டீச்சரையும் கையோடு இழுத்து வந்திருந்தாள். ஊரே பேசும் துப்பறியும் தொடர் அது. இரண்டு சீசன் முடிந்து, ஒன்றரை வருஷம் ஜனங்களைக் காக்க வைத்து, இன்றைக்குத்தான் மூன்றாவது சீசனின் முதல் பாகம்.

அந்த வீட்டு மருமகள் தையல்காரி. அவள் மட்டும் சமையலறையில் டீ கொதிப்பதைப் பார்த்தபடி, கரன்ட் போய்விடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தாள். ஏனென்று சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

எல்லாம் ஒரு ஆந்தையால் வந்த வினை.

இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நாத்தனார் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தாள். மரத்தில் செய்த ஆந்தை. வயிற்றில் முள், முகத்தில் கோலிக்குண்டு மாதிரி இரண்டு கண். விநாடிக்கு ஒரு தரம் அந்தக் கண் இடமும் வலமும் உருளும். நேரமாவது ஒழுங்காகக் காட்டுமா என்றால் அதுவும் இல்லை. எத்தனை தரம் திருத்தி வைத்தாலும் பொழுது விடிவதற்குள் இருபது நிமிஷம் முந்திக்கொண்டு நிற்கும். “நல்லதுதானே, பஸ்ஸைத் தவற விடமாட்டீங்க” என்றாள் நாத்தனார். தம்பிக்காரன் அடித்த ஆணியெல்லாம் வளைந்து விழ, குழாய் பார்க்க வந்த பிளம்பர்தான் பாவம் பார்த்து, சுவரில் துளை போட்டு மாட்டிக் கொடுத்தார்.

தையல் மெஷின் இருந்ததும் அந்தப் படுக்கையறையில்தான். அளவு கொடுக்க வரும் பெண்கள் கையைத் தூக்கி நிற்கும்போது ஆந்தை இடமும் வலமுமாக ஆளை எடை போடுவது போல இருக்கும். “அக்கா, அது என்னையே பாக்குது” என்று ஒரு பெண் துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். இன்னொருத்தி பாதி அளவோடு போனவள் திரும்பி வரவேயில்லை. தையல்காரி ஒருநாள் ஆந்தையை இறக்கி, பேட்டரியைக் கழற்றி, மிச்ச லைனிங் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள். நாத்தனாரிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலமே நாத்தனார் வந்து நின்றாள். சுவரில் வெறும் துளையைப் பார்த்தாள்.

“ஆந்தை எங்கே?”

‘பிடிக்கவில்லை அண்ணி’ என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெளியே வந்ததோ வேறு. “அதான் அண்ணி... காணோம்.”

ஒரே ஒரு வார்த்தை. ஆனால் யாரிடம் சொன்னாள் பாருங்கள்! இரண்டு சீசனையும் இரண்டிரண்டு தரம் பார்த்தவளிடம்.

“யாரும் எதையும் தொடாதீங்க” என்றாள் நாத்தனார். கைக்குட்டையைச் சுற்றிக் கதவுப் பிடியைத் திருகினாள். தரையில் ஈரக் காலடியைக் கண்டாள். அது அவளுடைய சொந்தக் காலடி என்று தம்பி சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. அன்று காலை பிளம்பர் வந்து போனதை அறிந்ததும் அவள் முகம் பிரகாசமாயிற்று.

“வாஷர் வாங்கப் போறேன்னு போனாரா? எவ்வளவு நேரம்?”

“அரை மணி இருக்கும் அண்ணி.”

“ஒரு வாஷருக்கு அரை மணியா? பை எவ்வளவு பெருசு?” தானே கையை விரித்துக் காட்டி, தானே தலையாட்டிக்கொண்டாள். “ஆந்தை தாராளமாப் போகும்.”

வழக்கு முடிந்தது. அந்தக் கட்டிடத்தின் எட்டு வீட்டுக்கும் அவளே நேரில் போய், “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று சொல்லி எல்லாரிடமும் சொன்னாள். அன்றிலிருந்து ஆறு மாசம் அந்தக் கட்டிடத்துக்குள் பிளம்பரை யாரும் கூப்பிடவில்லை. வேறு ஆளைக் கூப்பிடவும் நாத்தனார் விடவில்லை, எல்லாரும் ஒரே கூட்டமாம். எட்டு வீட்டிலும் குழாய்கள் இஷ்டத்துக்குச் சொட்டின. டீச்சர் வீட்டுக் குழாய்க்கு நாள் முழுக்க ஒரு வாளி காவல் இருந்தது.

தையல்காரி ஒருநாள் நூல் வாங்கப் போன இடத்தில் பிளம்பர் எதிரே வந்துவிட்டார். ஸ்கூட்டரை நிறுத்தினார். “தங்கச்சி, என் வேலையில ஏதாச்சும் குறையா? உங்க பக்கம் ஒருத்தரும் கூப்பிடறதில்ல.” அவள், “சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே” என்று சொல்லிவிட்டு வந்தாள். வந்து ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்குத் தைத்து வைத்தாள்.

இதற்குள் படுக்கையறைச் சுவரில் ஈரம் பூத்தது. உள்ளே ஓடும் குழாயில் இணைப்பு பலவீனமாக இருக்கிறது, அடுத்த வாரம் மாற்றித் தருகிறேன் என்று பிளம்பர் அன்றைக்கே சொல்லியிருந்தார். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. ஈரம் பெரிதாகி, பச்சையும் கறுப்புமாக உலகப் படம் வரைந்தது. அதைக் கேள்விப்பட்டுத்தான் தொடர்காரர்கள் வந்தார்கள். கலை இயக்குநர் சுவரைத் தொட்டார், முகர்ந்தார், கண் கலங்கினார். “நிஜமான ஈரம்! எங்க ஆளுங்க மூணு நாள் பெயின்ட் அடிச்சாலும் இந்தச் சோகம் வராது.”

வீட்டுக்காரர்களை இரண்டு நாள் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் படம் பிடித்தார்கள். அவசரமாகக் கொடுக்க வேண்டிய ஒரு கவுனை எடுத்துப் போக வந்த தையல்காரி, படுக்கையறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பழைய துளையில் பழைய இடத்தில் ஆந்தை! கண்ணாடியில் பொய் விரிசல் ஒட்டியிருந்தது. முள் ஒன்பது இருபதில் நின்றது.

“பரண்ல கிடைச்சுது மேடம்” என்றார் கலை இயக்குநர். “டைரக்டர் பாத்ததும் மயங்கிட்டார். கதையையே மாத்திட்டார். இனிமே இந்த ஆந்தைதான் கொலைக்கு ஒரே சாட்சி. க்ளோசப்பே நாலு இருக்கு.”

அந்த நாலு க்ளோசப்பும்தான் இப்போது ஆறரை மணிக்கு வரப்போகின்றன. புரிகிறதா என் கண்ணுகளா, கரன்ட் போகாதா என அவள் ஏன் வேண்டினாள் என்று?

கரன்ட் போகவில்லை. தொடர் தொடங்கியது.

துப்பறிகிறவர் வந்தார். மூன்று வாரத் தாடி, கசங்கிய கோட்டு, தூக்கமில்லாத கண். முதல் சீசனில் மனைவி விட்டுப் போனாள், இரண்டாவதில் நாய் விட்டுப் போனது, இந்தத் தடவை பசியே விட்டுப் போயிருந்தது. தெருவெல்லாம் வெயில் அடிக்க, அவர் காருக்கு மேல் மட்டும் மழை பெய்தது. படி ஏறவே ஐந்து நிமிஷம் ஆனது, அத்தனைக்கும் பின்னால் வயலின். அவர் எதைப் பார்த்தாலும் “என்ன சார்?” என்று கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கும் உதவியாளர் ஒருவர் கூடவே வந்தார்.

“ஐயோ, என்னோட பெட்ஷீட்!” என்றான் தம்பி. “அதுமேலயே பொணத்தைக் கிடத்திட்டாங்க.”

“சும்மா இருடா, தடயம் போயிடும்” என்றாள் நாத்தனார்.

துப்பறிகிறவர் சுவரை முகர்ந்தார். “ஈரம் பொய் சொல்லாது” என்றார். நாத்தனார் கைதட்டினாள். பிறகு அவர் மெல்லத் திரும்பினார். திரை முழுக்க ஆந்தை.

தையல்காரி டீத் தட்டை இறுகப் பிடித்தாள். தம்பிக்கு வாய் திறந்தது. அவன் ஆந்தையைப் பார்த்தான், பரணைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

நாத்தனார் முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, நன்றாக, நிதானமாகப் பார்த்தாள்.

“சீ! என்ன அசிங்கமான கடிகாரம். எவ தலையில யாரு கட்டினாங்களோ!”

டீச்சர் சிரித்தாள். தம்பி வாயை மூடிக்கொண்டான். ‘தப்பிச்சோம், விட்டுடு’ என்று கண்ணாலேயே மனைவிக்குச் சொன்னான். இன்னும் மூன்று க்ளோசப் வந்தது. மூன்றையும் நாத்தனார் கண்கொட்டாமல் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தையல்காரி நினைத்திருந்தால் அத்தோடு மறந்து, டீ டம்ளரைக் கழுவப் போயிருக்கலாம்.

திரையில் வழக்கு தீர்ந்தது. அடிபட்ட வேகத்தில் கடிகாரம் நின்றிருக்கிறது, அப்படியானால் கொலை ஒன்பது இருபதுக்கு. சுவருக்குச் சாயம் அடிக்க வந்த பெயின்டர், ஒன்பது மணிக்கு டீக்கடையில் இருந்தேன் என்கிறான். அங்கிருந்து நடந்து வரப் பதினைந்து நிமிஷம். விலங்கு மாட்டினார்கள். வயலின் அழுதது.

“பாத்தீங்களா டீச்சர்!” நாத்தனார் தொடையில் தட்டினாள். “கையில பையோட வீட்டுக்குள்ள வர்றவனை நம்பவே கூடாது. அப்படியே நம்ம பிளம்பர்தான்!”

தையல்காரி தட்டைக் கீழே வைத்தாள்.

“அண்ணி, அந்த ஆந்தை நீங்க குடுத்தது.”

“எது? அந்த மூஞ்சியா? போடி. நான் குடுத்தது லட்சணமா இருக்கும்.”

தையல்காரி ஸ்டூல் போட்டுப் பரணுக்கு ஏறினாள். படப்பிடிப்பு முடிந்ததும் ஆந்தையை அங்கேயே திரும்பச் சுற்றி வைத்திருந்தாள். தம்பி, “வேணாம், வேணாம்” என்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே முணுமுணுத்தான். லைனிங் துணியைப் பிரித்து ஆந்தையை நாத்தனார் மடியில் வைத்தாள். நாத்தனாரும் ஆந்தையும் ஒருவரையொருவர் பார்த்து முழித்தார்கள்.

கொஞ்ச நேரந்தான். “புரிஞ்சுபோச்சு!” என்றாள் நாத்தனார். “மனசாட்சி உறுத்தி, கொண்டுவந்து திருப்பி வச்சிருக்கான்!”

“வச்சது நான் அண்ணி. அன்னைக்கே, நானே. அளவு எடுக்க வர்றவங்களை அது முறைக்குது. உங்ககிட்டச் சொல்ல வாய் வரல. அவர் மேல ஒரு தப்பும் இல்ல.”

நாத்தனார் ஆந்தையின் தலையைத் தடவினாள். “பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே. நான் என்ன ஆந்தையா, கொத்திடுவேனா?”

தையல்காரி போனை எடுத்து எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“அண்ணே, நான்தான்...”

“சொல்லு தங்கச்சி. பொண்ணுங்களோட உக்காந்து உங்க வீட்டைத்தான் பாத்துட்டிருக்கேன்” என்றார் பிளம்பர். “முதல் க்ளோசப்லயே தெரிஞ்சுபோச்சு. அந்த ஆந்தையை மாட்டினவனே நான்தானே. திருடு போச்சுன்னு சொன்னாங்களே, இதுதானா அது?”

அப்படியானால் தன்மேல் விழுந்த திருட்டுப் பழி அவருக்குத் தெரியும். ஆறு மாசமாகத் தெரியும். தையல்காரி போனருகே குனிந்தாள். “இதுதான்ணே. தப்பு என்மேலதான். ஒளிச்சு வச்சுட்டு வாயை மூடிட்டு இருந்துட்டேன்.”



“அன்னைக்கு நூல் கடைக்கிட்டக் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம் தங்கச்சி” என்றார். பிறகு குரல் மாறியது. “அது போகட்டும், அந்தப் பெயின்டரைப் பிடிச்சதுதான் எனக்குத் தாங்கல. அந்த ஆந்தை எப்பவும் இருபது நிமிஷம் முன்னாடி ஓடும். அது ஒன்பது இருபது காட்டினா, நிஜத்துல ஒன்பது. ஒன்பதுக்கு அந்த ஆள் டீக்கடையில டம்ளரும் கையுமா இருக்கான். உங்க துப்பறியற சார் யாரையும் ஒரு வார்த்தை கேக்காம விலங்கை மாட்டிட்டாரே.”

நாத்தனார் மடியிலிருந்த ஆந்தையைத் திருப்பி, முள்ளைப் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணினாள். மெதுவாக போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

“பிளம்பர் தம்பி, நான் பேசறேன். எட்டு வீட்டுலயும் சொன்னது நான்தான்.” மென்று விழுங்கினாள். “நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

“ஆமாம்மா” என்றார் பிளம்பர்.

“நாளைக்குக் காலையில வாங்க. எட்டு வீட்டுக்கும் நானே கூட வர்றேன்.”

வந்தாள். அவருக்கு முன்னால் நடந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி, “இவர் எடுக்கல. ஆந்தை கிடைச்சுடுச்சு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றாள். முதல் மூன்று வீட்டில் அப்படித்தான் சொன்னாள். நாலாவது வீட்டில், “தீர விசாரிச்சதுல உண்மை தெரிஞ்சுது” என்றாள். எட்டாவது வீட்டுக்குப் போவதற்குள் வழக்கைக் கண்டுபிடித்தவளே அவள்தான் என்று ஆகிவிட்டது. பிளம்பர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். டீச்சர் வீட்டு வாளிக்கு அன்றோடு விடுதலை.

ஆந்தை பழைய துளைக்கே திரும்பியது. தையல்காரி அதற்கு மிச்சத் துணியில் சின்னத் திரை ஒன்று தைத்து மாட்டினாள். அளவு எடுக்கும்போது இழுத்து மூடுவாள், நாத்தனார் வரும்போது திறந்து வைப்பாள்.

நாலாவது வாரம் அடுத்த பாகம் எடுக்கத் தொடர்காரர்கள் வந்தார்கள். கலை இயக்குநர் நேராகப் படுக்கையறைக்குப் போய்ச் சுவரைத் தொட்டார். காய்ந்து, வெள்ளையடித்து, மொழுமொழுவென்று இருந்தது.

“யார் மேடம் இந்தக் காரியத்தைப் பண்ணினது?” என்றார் அழாத குறையாக.

“பிளம்பர்தான்” என்றாள் நாத்தனார். “நானே கண்ணால பாத்தேன்.”