நோன்பு நாளில் மாட்டிய ஸ்டெபிலைசர்

ஜெகதீஷின் பிக்கப்பைத் தெரியாதவர்கள் செஞ்சியில் கிடையாது. கல்குவாரியில் முதுகு ஒடிய உழைத்துவிட்டு வந்த ஃபோர் வீல் டிரைவ் வண்டி அது. அதை வாங்கி, சிவப்புப் பெயிண்ட் அடித்து, இருந்த டயர் போதாதென்று பனைமரத் துண்டு மாதிரி நாலு பெரிய டயரை மாட்டி வைத்திருந்தான். பார்க்க மிடுக்காகத்தான் இருந்தது. ஆனால் ஐம்பதைத் தாண்டிப் போகும்போது ஒரு பள்ளத்தில் இறங்கிவிட்டால் போதும், ஸ்டியரிங் சாமி வந்த மாதிரி ஆட ஆரம்பித்துவிடும். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுகிற வரைக்கும் மலையேறாது.

"டயரை மாத்துடா, ஆட்டம் பாதி கொறஞ்சிடும்" என்று மெக்கானிக் நூர் முகமது சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

"அத மட்டும் சொல்லாதீங்க பாய். வேற வழி இன்னான்னு பாருங்க" என்பான் அவன். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். டயர் மேல் வைத்த ஆசைக்கும் அது பொருந்தும்.

வேற வழிதான் ஸ்டியரிங் ஸ்டெபிலைசர். வீட்டில் கரண்ட் ஏறி இறங்கினால் ஃபிரிட்ஜுக்குத் தெரியாமல் ஒரு பெட்டி தாங்கிக்கொள்கிறதே, அதே வேலைதான் இதற்கும். சக்கரத்தின் உதறலை ஓர் எண்ணெய்க் குழாய் வாங்கிக்கொண்டு கைக்குத் தெரியாமல் அமுக்கிவிடும். பிக்கப்பில் ஏற்கெனவே இருந்தது ஒல்லிப்பிச்சான். எண்ணெய் கசிந்து செத்துக் கிடந்தது. ஜெகதீஷின் மகன் இனியனுக்கு வெள்ளிக்கிழமை அவலூர்பேட்டை முருகன் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். தொண்டூரிலிருந்து சொந்தக்காரர்களை எல்லாம் இந்த வண்டியில்தான் ஏற்றிப் போக வேண்டும்.

"வெறும் லோடு அடிக்கும்போது ஆடினது போவட்டும் பாய். இப்ப என் புள்ள வரப் போறான்" என்றான். நூர் முகமது சென்னையில் சொல்லி, கைத்தடிமனுக்கு ஒன்றை வரவழைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினார். நோன்பு மாதம். வாய் உலர்ந்து கிடந்தது. புது ஸ்டெபிலைசரின் கிளாம்ப்பை உள்ளே நுழைக்க, டை ராடின் ஒரு முனையைக் கழற்ற வேண்டியிருந்தது. முன்சக்கரம் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துத் திருப்புகிற நீளக் கம்பி அது. அதன் முனையில் ஒரு நட்டு. அந்த நட்டு தானாகச் சுழன்றுவிடாமல் குறுக்கே ஒரு ஸ்பிளிட் பின். வைக்கோல் தண்டளவு கம்பிதான். அது இல்லாவிட்டால் ஒருநாள் நட்டு கழலும், கம்பி விழும், இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு திசை பார்க்கும்.

இந்தப் பின் விஷயத்தில் நூர் முகமதுவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டிக்கு அடியில் படுக்கும்போதே புதுப் பின்னை உதட்டில் கவ்விக்கொள்வார். வாயில் பின் இருக்கிற வரை பேச முடியாது. பேச வேண்டுமானால் பின்னைப் போட்டாக வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு பின்கூட மறந்ததில்லை. ஆனால் நோன்பு வாய்க்குள் துருவும் கிரீஸும் எப்படிப் போகும்? விழுங்காத வரைக்கும் குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லத்தான் செய்தார். இவர் மனசு ஒப்பவில்லை. பின்னைத் தொப்பியின் மடிப்பில் செருகிக்கொண்டார்.

நட்டை இறுக்கி முடிக்கிற நேரம் பார்த்து ஜெகதீஷ் பானெட்டைத் தட்டினான்.

"பாய், பத்தரைக்கு ராகு காலம்! அதுக்குள்ள வண்டி ஷெட்டை வுட்டு வெளிய போயிடணும். எங்கம்மா போன் மேல போன் போடுது."

"வரேண்டா, ஆச்சு. கால்ல சுடுதண்ணி ஊத்திக்கினு நிக்கிறான் பாரு" என்று கீழிருந்தே பதில் சொன்னார். வாய்தான் சும்மா இருந்ததே. பேசிக்கொண்டே வெளியே வந்தார். கையைத் துடைத்தார். நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வண்டி தொண்டூருக்குக் கிளம்பிப் போனது.

பள்ளிவாசலுக்குக் கிளம்பும்போது ஜெகதீஷின் குரல் மெசேஜ் வந்தது. "பாய்! எண்பதுல வுட்டுப் பாத்தேன். பள்ளத்துல எறங்குது, கையில ஒண்ணுமே தெரியல. வெண்ணெயாட்டம் போவுது! தொண்டூர்ல எல்லாரும் சாப்டதும் கெளம்பிடுவோம்." நூர் முகமது அதை இரண்டு தடவை போட்டுக் கேட்டார். பெருமையாகத்தான் இருந்தது. இருக்காதா பின்னே?

ஜும்ஆ தொழுகையில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. முதல் சஜ்தாவில் நெற்றி பாயில் பட்டபோது தொப்பியின் மடிப்பிலிருந்து என்னவோ நழுவி அவர் மூக்குக்கு முன்னால் விழுந்தது.

புத்தம் புதுப் பின்.

பக்கத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இவரால் நிமிர முடியவில்லை. பின்னைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தவர், ஆட்களை விலக்கி விலக்கி வெளியே ஓடினார். தொழுகையைப் பாதியில் விட்டுப் போகிற ஆளில்லை அவர். பின்வரிசையில் இருந்தவர்கள், பாய்க்கு நெஞ்சுவலியோ என்று பயந்துபோனார்கள்.

ஷெட்டுக்கு ஓடி ஸ்பேனரையும் குறடையும் தன் எக்ஸெல் மொபெட்டின் பையில் போட்டார். ஜெகதீஷுக்குப் போன் அடித்தார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? "வண்டி ஓட்டும்போது போன் எடுத்தே, அதோட என் ஷெட்டுப் பக்கம் வராதே" என்று போன மாதம் அவனைத் திட்டியது வேறு யாருமில்லை, இவர்தான். தறுதலைக்கு அந்த ஒரு புத்திமதி மட்டும் மண்டையில் ஏறியிருந்தது.

அவர் வீடு கூட்டு ரோட்டு ஓரத்தில். தொண்டூரிலிருந்து வருகிற வண்டி அதைக் கடந்துதான் அவலூர்பேட்டைக்குப் போக வேண்டும். மனைவி மெஹபூப் பீக்குப் போன் போட்டார்.

"ரோட்டுக்குப் போயி நில்லு. ஜெகதீஷ் வண்டி வந்தா நிறுத்து."

"இன்னாங்க ஆச்சு? ஏன் இப்டி மூச்சு வாங்குது?"

"நிறுத்துன்னா நிறுத்து! செவப்பு வண்டி, பெரிய டயரு. குறுக்க போயி நின்னாவது நிறுத்து."

அவர் எக்ஸெல்லை உதைத்துக் கிளப்புவதற்குள் அவளே திருப்பி அடித்துவிட்டாள். "அது அப்பவே போயிடுச்சாம்ங்க. பூக்கடைக்காரம்மா பாத்துதாம். பின்னாடி பொம்பளைங்க கொழந்தைங்கன்னு ஒரே கூட்டமாம், பாட்டுப் பாடிக்கினு போனாங்களாம்."

நூர் முகமது போனை வைத்தார். அவலூர்பேட்டைக்குப் போகிற வளத்தி ரோட்டில் வண்டியைத் திருப்பினார். உச்சி வெயில். கோட்டை மலைப் பாறைகளிலிருந்து அனல் இறங்கி முகத்தில் அடித்தது. நாற்பதுக்கு மேல் முறுக்கினால் எக்ஸெல் அழ ஆரம்பித்தது. நேற்று வரை ஜெகதீஷின் வண்டியை இந்த எக்ஸெல்லிலேயே பிடித்திருக்கலாம். ஐம்பதைத் தாண்டப் பயந்த வண்டி அது. இன்று அதை எண்பதில் ஓட வைத்தது யார்? சாட்சாத் இவரேதான்.

இறுக்கின நட்டு உடனே கழன்றுவிடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்த பள்ளத்தில் எக்ஸெல் குதித்ததும் அந்த ஆறுதல் போய்விட்டது. எல்லாவற்றையும்விட அவரை அரித்த நினைப்பு வேறு. பழைய ஸ்டெபிலைசர் இருந்திருந்தால் நட்டு லேசாக நெகிழ்ந்தாலே ஸ்டியரிங் உதறியிருக்கும். பயந்தாங்கொள்ளி ஜெகதீஷ் அப்போதே நிறுத்தி இறங்கியிருப்பான். இப்போது நட்டு கடைசிப் புரி வரைக்கும் வந்தாலும் அவன் கைக்கு ஒன்றும் தெரியாது. வெண்ணெய் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அந்த வெண்ணெய்க்குப் பெருமைப்பட்டு மெசேஜை இரண்டு தடவை கேட்டோமே என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"யா அல்லா, என் கைய எடுத்துக்கோ. ஷெட்டை எடுத்துக்கோ. அந்தப் புள்ளைங்கள வுட்டுடு" என்று வாய்விட்டே கெஞ்சிக்கொண்டு போனார். எதிரே வந்தவர்கள், வெயிலில் பாய்க்கு என்னவோ ஆகிவிட்டது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

வளத்தி தாண்டி ஒரு வளைவில் திரும்பியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம் நின்றது. பஸ்ஸும் வேனும் வரிசையாக நின்றன. முன்னால் யாரோ பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு மேலே சிவப்பாக ஒரு வண்டியின் தலை சாய்ந்தாற்போல் தெரிந்தது.

நூர் முகமது எக்ஸெல்லை அப்படியே சாய்த்துவிட்டு நடந்தார். பார்க்காமலே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஒரு லாரியிலிருந்து நெல் அறுக்கும் மெஷினைப் பலகை போட்டுச் சரித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு, அந்த மெஷினின் சிவப்பு. அதற்கு இந்தப் பக்கம் ஜெகதீஷின் பிக்கப் நாலு காலில் பத்திரமாக நின்றது. நேரமாகிறது, வழியை விடு என்று மெஷின்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் அதிலிருந்து இறங்கிய பெண்கள்தான்.

"பாய்! நீங்க இன்னா இங்க? தொழுகை இல்லியா?" ஜெகதீஷ் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "வண்டி சும்மா..."

"சாவிய எடு. எல்லாரையும் எறக்கு."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவன் சாவியை உருவினான். நூர் முகமது கொதிக்கிற தார் ரோட்டில் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார். நட்டைத் தொட்டார். ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரலாலேயே சுற்ற வந்தது.

ஒரு கை கம்பியைத் தாங்கியது, ஒரு கை ஸ்பேனரைத் தேடியது. பின்னைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. யோசிக்கக்கூட இல்லை, உதட்டில் கவ்விக்கொண்டார். இரும்பும் மண்ணும் நாக்கில் கரித்தன. நட்டை இறுக்கினார், பின்னைச் செருகினார், குறட்டால் இரண்டு காலையும் மடக்கினார். அதற்குப் பிறகும் வெளியே வராமல், மடக்கின இடத்தை விரலால் தடவிக்கொண்டே கிடந்தார்.

வெளியே வந்தபோது எல்லோரும் சுற்றி நின்றார்கள். 'சும்மா ஒரு செக்கிங்' என்று சொன்னால் நம்பியிருப்பார்கள். இதற்காகவா வந்தீர்கள் என்று கும்பிட்டுக்கூட இருப்பார்கள். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

"பின்னு போட மறந்துட்டேன், ஜெகா. நட்டு கையாலயே சுத்துது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா சக்கரம் ரெண்டும் பிரிஞ்சிருக்கும்."

ஜெகதீஷ் வண்டியைப் பார்த்தான், இறங்கி நின்ற குழந்தைகளைப் பார்த்தான். "எண்பதுல வந்தேன் பாய்" என்றான். குரல் எழும்பவில்லை. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான்.

அவன் மைத்துனன் செல்லப்பனுக்கு மட்டும் குரல் நன்றாக எழும்பியது. யார் மடியில் உட்கார வைத்துக் குழந்தைக்குக் காது குத்தப் போகிறார்களோ அந்தத் தாய்மாமன். நூர் முகமதுவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். "மறந்துட்டியா? எத்தினி உசுருய்யா இது? நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"

நூர் முகமது சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றார்.

"அண்ணே, வுடு" என்றாள் ஜெகதீஷின் மனைவி அனுஷா. இடுப்பில் குழந்தை தூங்கி வழிந்துகொண்டிருந்தது. அவள் முகத்திலும் ரத்தம் செத்துத்தான் போயிருந்தது. ஆனாலும் நேராக அவரிடம் வந்தாள்.

"இப்ப சரியா இருக்குதா பாய்?"

"இருக்குதும்மா."

"நெசமா?"

"அல்லா மேல ஆணையா."

"அப்ப முன்னாடி சீட்டுல ஏறுங்க." அவர் புரியாமல் ஏறி உட்கார்ந்ததும், குழந்தையை ஜன்னல் வழியாக நீட்டினாள். "அவலூர்பேட்ட வரிக்கும் இவன் உங்க மடியிலதான் இருப்பான். அப்பதான் நான் ஏறுவேன்."

அவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். அவள் பின்னால் போய்ப் பெண்களோடு ஏறிக்கொண்டாள். செல்லப்பன் முணுமுணுத்துக்கொண்டே எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

மெஷினை ஓரமாக நகர்த்தி வழி விட்டார்கள். ஜெகதீஷ் முப்பதுக்கு மேல் போகவில்லை. அவன் இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. அது ஆடவே இல்லை. ஆடாததுதான் இருவருக்கும் பயமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளம் வரும்போதும் நூர் முகமது மூச்சைப் பிடித்துக்கொண்டு குழந்தையை நெஞ்சோடு அணைத்தார். நாக்கில் இன்னும் இரும்பு கரித்தது.

குலுக்கலில் இனியன் விழித்துக்கொண்டான். புது முகத்தைப் பார்த்து அழுவான் என்று நினைத்தார், அழவில்லை. கிரீஸ் படிந்த தாடியைப் பார்த்தான், பிறகு தொப்பியைப் பார்த்தான். எக்கிக் கையை நீட்டி, தொப்பியின் மடிப்புக்குள் விரலை விட்டுத் துழாவினான். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் விரலை எடுத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.