மாதிரி வகுப்பின் பதினான்காம் எண்

பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் அமிலம். வேதியியல் ஆசிரியை என்பதால் மட்டும் வந்ததல்ல, என் வாயும் சேர்ந்து சம்பாதித்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெயரைப் பெருமையாகவே சுமந்து வந்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைய எனக்குப் பயம்.

எல்லாம் அந்தப் பெரிய திரையால் வந்த வினை. கரும்பலகை இருந்த இடத்தில் அதை மாட்டிய முதல் வாரமே, பாதிப் பாடத்தில் அசையாமல் நின்றுவிட்டது. தொட்டேன், தட்டினேன், கெஞ்சாத குறைதான். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்து, ஓரத்தில் எதையோ ஒரு அழுத்து அழுத்திச் சரி செய்துவிட்டுப் போனாள். வகுப்பே கைதட்டியது. அவர்கள் கேலியாகத் தட்டவில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து அந்த வகுப்புக்கு முன்னால் ஆய்வகத்தின் பின்னறையில், குடுவைகளுக்கு நடுவே பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன். அமிலத்துக்கே பயம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

வேலையை விடுவதென்று முடிவு செய்து, கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துவிட்டேன். அடுத்த வருடம் தொடர விரும்பாதவர்கள் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

"பிடிக்கலைன்னா விட்டுடு. பயத்துல விடாதே" என்றார்.

அவருக்கென்ன, பல் மருத்துவரிடம் உதவியாளர். அங்கே பயப்படுவதெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

இதற்கிடையில் புதன்கிழமைதோறும் மூன்றரை மணிக்கு எங்களுக்குக் கணினிப் பயிற்சி. ஒரு நாள் கூத்தில்லை, வருடம் முழுக்க நடக்கும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் அவரும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார். பயிற்சியாளர் முன்பு ஏதோ ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். முழங்கால் மக்கர் செய்ததும் கணினிக்கு வந்தாராம். விசில் மட்டும் இன்னும் கழுத்தில் தொங்குகிறது. "தோளை இறக்குங்க, மூச்சை விடுங்க, அப்புறம் மவுஸைப் பிடிங்க" என்றுதான் ஆரம்பிப்பார். இந்த ஆள் கணினி சொல்லித்தரப் போகிறாரா, நீளம் தாண்டச் சொல்லப் போகிறாரா என்று முதல் நாள் நினைத்தேன்.

நாங்கள் பழகிக்கொள்ள ஒரு மாதிரி வகுப்பை உண்டாக்கி வைத்திருந்தார். அதில் இருபத்தைந்து மாணவர்கள். உண்மையில் ஒருவரும் கிடையாது, பெயரும் கிடையாது, வெறும் எண்கள். நாங்கள் எல்லோரும் 'பயிற்சி ஆசிரியர்' என்ற ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் உள்ளே போக வேண்டும். முதல் வாரம் வருகைப் பதிவு, அடுத்த வாரம் மதிப்பெண், அதற்கடுத்த வாரம் மாணவரைப் பற்றிக் குறிப்பு எழுதுவது.

குறிப்பு எழுத என்ன, கைவந்த கலை. நான் பதினான்காம் எண்ணைத் தேர்ந்தெடுத்தேன். 'கெட்டிக்காரி' என்று தொடங்கினேன். அதற்கு மேல் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. 'இப்போது வகுப்பு என்றாலே பயப்படுகிறாள். பத்து நிமிடம் பின்னறையில் ஒளிந்திருந்துவிட்டு வருகிறாள். முன்னேற்றம் இல்லை.' சேமித்துவிட்டு வந்துவிட்டேன். என் கணினியில் எழுதியது என் கணினியோடு போகும் என்று நினைப்பு.

அடுத்த புதன்கிழமை பதினான்காம் எண்ணைத் திறந்தால், என் குறிப்புக்குக் கீழே இன்னும் இரண்டு இருந்தன.

'முன்னேற்றம் இல்லை என்பது தவறு. பத்து நிமிடம் கழித்தாவது வகுப்புக்கு வந்துவிடுகிறாள்.'

'ஒன்பதாம் எண்ணையும் பார்க்கவும்.'

யாரோ என் குறிப்பைப் படித்திருக்கிறார்கள். ஒன்பதாம் எண்ணைத் திறந்தேன். 'வகுப்பு முடிந்ததும் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார். வெளியே கேட்காது என்று நினைப்பு.' இருபத்தொன்று: 'பெற்றோர் அனுப்பிய செய்திகள் நூற்றுப்பன்னிரண்டு கிடக்கின்றன. திறந்து பார்க்கக் கை வரவில்லை.' ஐந்தாம் எண்: 'எல்லாம் தெரிந்தவர்போல் பேசுவார். தினமும் மகள் சொல்லித் தந்ததுதான். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். இனி மாட்டிக்கொள்வார்.'

ஐந்து யார் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஆய்வகத்துக்குப் பக்கத்து வகுப்பில் பாடம் எடுக்கும் சரித்திர ஆசிரியர். ஓய்வறையில் எனக்குக் கணினி பற்றி அறிவுரை சொல்லியே உயிரை வாங்குவார். அவர் மகள் கல்யாணத்துக்குப் போன மாதம்தான் நாங்கள் எல்லோரும் போய்விட்டு வந்தோம்.

வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளரைப் பிடித்துக்கொண்டேன்.

"இதுல எழுதுறதை எல்லாரும் படிப்பாங்களா சார்?"

"ஒரே வகுப்புதானே மேடம். முதல் நாளே சொன்னேனே."

"என் காதுல விழலை."

"அன்னைக்கு யார் காதுலயும் விழலை. எல்லாருக்கும் கை நடுங்கிட்டு இருந்துச்சு."

"வாராவாரம் அழிச்சிடுவீங்கன்னு நினைச்சேன்."

"அழிக்கணும்தான். மனசு வரலை." விசிலை விரலில் சுற்றினார். "யார் எந்த நம்பர்னு எனக்கே தெரியாது. கடைசி வரிசையில உட்கார்றாங்களே ஹெச்.எம்., அவங்க எந்த நம்பர்னும் தெரியாது."

கோபம் கோபமாக வந்தது. ஆனால் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தபோது, மாதக்கணக்கில் இல்லாத ஒரு நிம்மதியும் கூடவே இருந்தது. அடுத்த வாரம் இருபத்தொன்றாம் எண்ணுக்குக் கீழே எழுதினேன்: 'ஒரு நாளைக்கு ஐந்து செய்தி திறந்தால் போதும். மிச்சம் எங்கும் ஓடிப்போகாது.'

என்றாலும் கடிதம் கைப்பையிலேயே இருந்தது. கெடுவுக்கு முந்தைய புதன்கிழமைப் பாடம்: டி.சி. வாங்கிப் போகும் மாணவரின் பெயரை நீக்குவது, திரும்பி வந்தால் மீண்டும் சேர்ப்பது. பயிற்சியாளர் இரண்டையும் செய்து காட்டினார். எனக்கு நீக்குவது மட்டும்தான் மனதில் பதிந்தது.

"யாராவது ஒருத்தரை நீக்கிப் பாருங்க" என்றார்.

நான் பதினான்கை நீக்கினேன். கணினி காரணம் கேட்டது. கடிதத்தில் எழுதியிருந்த அதே வார்த்தையைப் போட்டேன்: 'சொந்த விருப்பம்.' வகுப்பில் இருபத்து நான்கு பேர் என்று காட்டியது. அப்பாடா என்று இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், இருபத்தைந்து. பதினான்கு மறுபடி வந்து உட்கார்ந்திருந்தாள். சேர்த்த காரணம்: 'வகுப்புக்கு வேண்டும்.'

திரும்ப நீக்கினேன். 'தகுதி இல்லை.' அரை நிமிடத்தில் திரும்பி வந்தாள். 'தவறான காரணம்.'

எனக்கு எரிச்சல் ஏறியது. மூன்றாம் முறை நீக்கிவிட்டு, உள்ளதை உள்ளபடி போட்டேன்: 'பயம்.'

இந்த முறை கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் தலையைக் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு பதினான்கு வந்தாள். 'இதுதான் சரியான காரணம். ஆனால் இதற்கெல்லாம் டி.சி. கொடுக்க முடியாது.'

எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன. அழுகைதான், வேறென்ன. அந்தக் கலங்கலில்தான் இன்னொன்றைப் பார்த்தேன்: நாலுக்கு அடுத்து ஆறு இருந்தது. ஐந்தைக் காணோம். நீக்கிய காரணம்: 'மாட்டிக்கொண்டார்.'

இரண்டு வரிசை தள்ளிச் சரித்திரம் உட்கார்ந்திருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எப்படித் திரும்பச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சபையில் சொன்னால் நான் செத்தே போவேன் என்று நினைத்திருந்தேன். கையைத் தூக்கினேன்.

"சார், நீக்கினவங்களைத் திரும்பச் சேர்க்கிறது எனக்குப் புரியலை. இன்னொரு தடவை சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. "எனக்கும்தான்" என்று கடைசி வரிசையிலிருந்து தலைமை ஆசிரியையின் குரல் வந்தது.

பயிற்சியாளர் நிதானமாக நான்கு படிகளைச் சொன்னார். குறித்துக்கொள்ளக் காகிதம் தேடினேன். கைப்பையில் அந்தக் கடிதம்தான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் நான்கையும் எழுதினேன். பிறகு ஒவ்வொன்றாக அழுத்தி ஐந்தைச் சேர்த்தேன். காரணம்: 'மகள் போனால் என்ன, புதன்கிழமை இருக்கிறது.'

மணி நாலரை ஆனதும் பயிற்சியாளர் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "நீக்கச் சொன்னேன். இருபத்தஞ்சும் அப்படியே இருக்கே, ஒருத்தர்கூட செய்யலையா?"

வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு முன் வழக்கம்போலப் பின்னறையில் நின்றேன். கடிதம் கையில் இருந்தது, பின்பக்கம் மேலாக. கதவை யாரோ தட்டினார்கள். சரித்திரம்.

"உள்ள இடம் இருக்கா மேடம்? எனக்கு அடுத்து பத்தாம் வகுப்பு. அங்கேயும் அதே மாதிரி திரைதான்."

"வாங்க. குடுவையை மட்டும் தட்டி விட்டுடாதீங்க."

சுவரோரமாக நின்றுகொண்டார்.

"என்னை மூணு தடவை சேர்த்தது நீங்கதானே?" என்றேன்.

"முதல் தடவை மட்டும்தான் நான். மத்த ரெண்டும் யாருன்னு எனக்குத் தெரியாது."

மணி அடித்தது. கடிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டேன். அந்த நான்கு படிகள் இனியும் தேவைப்படும்.

"தோளை இறக்குங்க சார்" என்றேன். அவர் இறக்கினார். நான் கதவைத் திறந்தேன். உள்ளே வந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது.